கூட்டுக்கு ஒன்றே அரைக்கால்

நடுவன்குளத்துக்குள் நிற்கும் கருவேலங்களுக்கு
எண் உண்டு.
டால்டா தகரத்தை வட்டமாய் வெட்டி
ஆணியால் குத்திக் குத்தி எழுதியது,
ஒன்றிலிருந்து எண்பத்தாறு வரை.
நாற்பத்தொன்று விழுந்துவிட்டது.
விழுந்த மரத்தின் எண்ணை
வேறு மரத்துக்குக் கொடுப்பதில்லை.
ஒவ்வொரு மாசியிலும் நாற்பதுக்கு அடுத்து
கொஞ்சம் வெறும் தண்ணீரைக் கடந்து
நாற்பத்திரண்டுக்குப் போகிறோம்.

லாரி டியூப் மேல் கட்டிய பலகை.
மூங்கில் முனையில் சலூன் கண்ணாடி.
ஐகோர்ட்துரை கழியூன்றி நிறுத்த
கூட்டுக்கு மேலே கண்ணாடியைச் சாய்க்கிறேன்.
முதலில் வானம்.
அப்புறம் ஒரு மஞ்சள் மூக்கு, கோபமாக.
அது எழுந்து விலகினால்
அழுக்கு வெள்ளையில் முட்டைகள்.
"மூணு" என்கிறேன்.
"மூணு" என்கிறான்.
இரண்டு வாய் சொன்னால்தான் நோட்டில் ஏறும்.

பத்து நாளுக்கொரு தடவை அதே கூடு.
மூன்று, மூன்று, இரண்டு.
மூன்றாவது, கடைசியாகப் பொரிந்தது.
மீனைக் கக்கிப் போடும்போது
கழுத்து எட்டாதது.
எச்சத்தில் வெளுத்த தண்ணீரில்
ஓரிரு நாள் மிதக்கும்.
அதற்கு எங்கள் குறியீடு: வி.
விழுந்தது.
விழுந்ததா தள்ளிவிடப்பட்டதா
என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை.

சித்திரை உச்சி வெயிலில்
தாயோ தகப்பனோ
(இருபது வருஷமாகியும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது)
சிறகை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கும்,
குஞ்சின் மேல் நிழல் விழும்படி.
வெயில் நகர நகர அதுவும் நகரும்.
ஒரு வருஷம் "குறிப்பு" என்ற கடைசிக் கட்டத்தில்
"நிழல்" என்று எழுதினேன்.
அலுவலகத்தில் சிவப்பு மையால் சுழித்துக்
கேள்விக்குறி போட்டு அனுப்பினார்கள்.

ஆனி கடைசியில் கூட்டல், வகுத்தல்.
கூட்டுக்கு ஒன்றே அரைக்கால் குஞ்சு.
"அரைக்கால் குஞ்சுன்னா எந்தப் பக்கம் சீலிம்மா,
மூக்கா, றெக்கையா?
ரேஷன் சீனி நிறுத்த மாதிரில்லா இருக்கு."
சிரித்துக்கொண்டேதான்
அந்த அரைக்காலுக்காக
அடுத்த மாசியும் கழியெடுத்து வருவான்.

மணிமுத்தாற்றுக் கால்வாய் வராத வருஷம்
குளம் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது.
நடந்தே போனோம், எண்பத்தைந்து மரத்துக்கும்.
"இல்லாததை எண்ண ரெண்டு ஆளா?"
என்று ஆடு மேய்க்கும் பையன் கூடவே வந்தான்.
எண்பத்தைந்து பூஜ்யம்.
போனோம், பார்த்தோம், இல்லை.
அதுவும் எண்தான். அதற்கும் கூலி உண்டு.

வெற்றுக் கட்டம் வேறு.

பன்னிரண்டாவது வருஷத்துக்குப் பணம் வரவில்லை.
நான் ஜங்ஷனில் ஜவுளிக்கடையில் பில் போட்டேன்.
அவன் வள்ளியூர்ப் பக்கம் காற்றாலைக்குக் காவல்.
அந்த வருஷந்தானாம்.
பஸ்ஸில், டீக்கடையில், கோயில் கொடையில்
யாரைக் கேட்டாலும்:
"அப்ப வந்த பறவை மாதிரி
எப்பவும் வரல. வேம்புல, புளியில,
எடமில்லாம ஈபி கம்பத்துல கூடு."
ஈபி கம்பத்துக்கு எண் கிடையாது.

"முன்னதையும் பின்னதையும் கூட்டி
ரெண்டால வகுத்துப் போட்டுரும்மா,
கோடு அறுந்து தெரியுது" என்றார் அதிகாரி.
பேனாவைத் திறந்தேன்.
வெளியே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டே இருந்தார்கள்,
கிளம்பவில்லை.
மூடிவிட்டேன்.

இந்த மாசியில், ஐம்பத்தெட்டாம் மரம்.
ஒரு நாரை. காலில் வளையம் இல்லை.
பக்கத்தில் இன்னொன்று, அதற்கும் இல்லை.
நாங்கள் வளையம் போட்டவை கொஞ்சம்தான்.
மற்றக் கால்கள் எங்கே பொரிந்தும் இருக்கலாம்,
எந்த வருஷமும்.
அந்த வருஷமும்.
"இருக்கும்லா?" என்றான் ஐகோர்ட்துரை,
தண்ணீரைப் பார்த்து.
இருக்கலாம் என்பதற்கு
நாங்கள் குறியீடு வைக்கவில்லை.

கண்ணாடியைச் சாய்த்தேன்.
வானம். மூக்கு.
"ரெண்டு" என்றேன்.
அவன் கழியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான்.
"இல்ல, மூணு.
ஒண்ணு அடியில கெடக்கு."